குதிரைத்தோல் கதை

அடிவாரத்தில் அப்பாவுக்கு ஒரு மரப்பட்டறை இருந்தது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் வெட்டுப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, லாரியில் வந்து சேரும். ஆசாரிகள் இழைப்புளி போட்டு முடித்த பிறகு என் வேலை ஆரம்பிக்கும். உப்புத்தாளை நாலாக மடித்துத் தேய்ப்பது. ராத்திரி சோற்றில் கை வைத்தால் விரல் நுனியெல்லாம் எரியும். மறுநாள் அதே விரல்களோடு பஸ் ஏறி மலைமேல் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசித்துக்கொண்டு வந்தபோது, ஏழெழுத்துச் சொல் ஒன்று குறுக்கே வந்து நின்றது. வாசித்தேன். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் ஒரு குதிரையின் பின்புறத்துக்குப் போக வேண்டும்.

மத்திய ஆசியப் புல்வெளிகளில் வாழ்ந்த துருக்கிய இனத்தாருக்குக் குதிரைதான் சொத்து, வாகனம், சாப்பாடு எல்லாம். செத்த குதிரையின் தோலிலும் ஒரு பகுதிக்குத் தனி மதிப்பு இருந்தது. வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, பின்முதுகில் கெட்டியாக இருக்கும் துண்டு அது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சாக்ரி. பிட்டம் என்பதுதான் பொருள், இதைவிட மரியாதையாகச் சொல்ல வழியில்லை. அந்தத் தோல் வாள் உறைக்கும் கைப்பிடிக்கும் உழைக்கும், சீக்கிரம் கிழியாது. ஒரே குறை, வழுவழுவென்று இருந்தது. சண்டைக்காரன் கை வியர்த்தால் வாள் நழுவும். வழுவழுப்பான தோலைச் சொரசொரப்பாக்க என்ன வழி? யாரோ ஒருவனுக்குக் கீரை விதை ஞாபகம் வந்தது.

தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சதையைச் சுரண்டி, ஈரம் காயாமல் தரையில் விரித்தார்கள். அதன்மேல் ஒருவகைக் காட்டுக்கீரையின் விதையை அள்ளித் தூவினார்கள். நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரைக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. விதை சின்னதாக, கடினமாக இருக்கும். மேலே கம்பளியைப் போர்த்தி ஆட்கள் ஏறி மிதித்தார்கள். விதை ஒவ்வொன்றும் ஈரத்தோலுக்குள் புதைந்தது. அப்படியே காயவிட்டு உதறியபோது விதைகள் உதிர்ந்தன, தோல் முழுக்க அம்மைத் தழும்புபோல் குழிகள். குழி வேண்டும் என்றால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது மேடு.

இங்கேதான் கைவினைஞனின் மூளை. குழிகளின் மட்டத்துக்கு மேற்பரப்பைச் சீவி எடுத்தார்கள். இப்போது பார்த்தால் தோல் மறுபடியும் வழுவழு. இத்தனை நாள் பாடும் வீண் என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். பிறகு அதைத் தண்ணீரில் போட்டார்கள். விதை அழுத்தி இறுகியிருந்த இடங்கள் மட்டும், அமுக்கி வைத்த பஞ்சு விடுபட்டாற்போல் உப்பி மேலே எழுந்தன. குழி இருந்த இடமெல்லாம் மணி மணியாக மேடு. செம்புத் தூளும் நவச்சாரமும் போட்டுப் பச்சைச் சாயம் ஏற்றினால் மீன் செதிலா ரத்தினக் கம்பளமா என்று மயங்கும்படி ஒரு தோல். வோல்கா நதி முகத்துவாரத்து அஸ்திரகான் நகரம் இந்த வேலைக்குப் பேர்போனது. பாரசீகத்திலும் இந்தியாவிலும் இந்த மாதிரித் தோலைக் கீமுக்த் என்றார்கள். வாள் உறைகளில் அது மினுங்கியது. தோல் மேற்கே போன பாதையில்தான் அதன் பெயருக்கு ஆபத்து வந்தது.

வெனிஸ் வணிகர்களின் வாயில் சாக்ரி முதலில் நசுங்கியது. பாரிசுக்குப் போனபோது இன்னும் நசுங்கி, ‘தானிய மணி’ என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல் ஒன்றின் சாயலும் ஒட்டிக்கொண்டு, புதுப் பெயராகி நின்றது. மணி மணியான தோலுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. பிட்டம் என்ற பழைய பொருள் ஒருவருக்கும் நினைவில்லை. அந்தப் பாரிஸ் பெயரைச் சற்று நேரம் மூடி வைக்கலாம், ஏனென்றால் அதற்குள் தோலே மாறிவிட்டது.

குதிரைத்தோலைக் கீரை விதை போட்டு மிதித்துக்கொண்டிருக்க ஐரோப்பியனுக்குப் பொறுமையில்லை. அதே சொரசொரப்பைக் கடல் இலவசமாகத் தயாரித்து வைத்திருந்தது. சுறாவின் தோலும் திருக்கையின் தோலும் பிறவியிலேயே மணி கோத்தவை. நம் கடற்கரையில் சுறாவைப் புட்டுக்கும் திருக்கையைக் குழம்புக்கும் அறுப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. செதில் என்று தனியாகக் கிடையாது, ஆனால் எதிர்த்திசையில் தடவினால் கை கிழியும். ஜப்பானியர் தங்கள் வாள்பிடிகளுக்குத் திருக்கைத் தோலைத்தான் சுற்றினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் கலுஷா என்ற கைவினைஞர் மீன்தோலை அரைத்து மெருகேற்றி, பெட்டிகளுக்கும் மூக்குக்கண்ணாடிக் கூடுகளுக்கும் ஒட்டினார். பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி அவருடைய வாடிக்கையாளர். பிரெஞ்சில் அந்தத் தோலுக்கே இன்றுவரை கலுஷா என்றுதான் பெயர். சீமாட்டியின் மேசைமேல் மின்னிய அதே தோலுக்குத் தச்சன் பட்டறையில் வேறு வேலை இருந்தது.

மரத்தையும் தந்தத்தையும் தேய்ப்பது. கண்ணாடித் தூளைக் காகிதத்தில் ஒட்டி விற்கும் காலம் வருவதற்கு முன்னால், சுறாத்தோல்தான் உப்புத்தாள். அப்பாவின் பட்டறையில் என் விரலை எரித்த சாமானுக்கு அது முப்பாட்டன். தேய்த்துத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல் எதிராளியைக் கரைக்கும் பொருள். மரத்தை அரிக்கிற அந்த வேலையை மனசை அரிக்கிற ஒன்றுக்கு யாரோ பொருத்திப் பார்த்தார்கள் என்று ஒரு கதை பின்னாளில் கிளம்பியது. கதை கிளம்பக் காரணம், பாரிசில் அந்தக் குதிரைத்தோலுக்கு இருந்த பெயரே ஓர் உணர்ச்சிக்கும் இருந்ததுதான்.

அந்தப் பெயர் ஷாக்ரின்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு அது துயரம், மனவாட்டம். 1666-இல் மேடையேறிய மோலியேரின் ‘மனித வெறுப்பாளன்’ நாடகத்தில் உலகத்தின் மேலேயே சலித்துப்போன நாயகனைச் சுற்றி இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலத்துக்கு அது 1650-களில் குடியேறியது. நாடுகடந்திருந்த இரண்டாம் சார்லஸ் 1660-இல் லண்டன் திரும்பினார். அவரோடு பிரெஞ்சு ஆடையும் பிரெஞ்சு வார்த்தையும் நாகரிகமாயின. ஆங்கிலேயர் தோலையும் வாங்கினார்கள், துயரத்தையும் வாங்கினார்கள். இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் கொஞ்ச காலம் குழம்பிக் கிடந்தது. பிறகு தோலை ‘ஷக்ரீன்’ என்று ஒரு பக்கம் ஒதுக்கி, உணர்ச்சிக்குப் பிரெஞ்சு உடுப்பையே விட்டு வைத்தார்கள். உடுப்பு மட்டும்தான் பிரெஞ்சு. உள்ளே இருந்த துயரம் கடல் கடந்ததும் சுருங்கி, புளித்து, வேறொன்றாகிவிட்டது.

பிரெஞ்சில் தாய் செத்தாலும் ஷாக்ரின், காதலி விட்டுப் போனாலும் ஷாக்ரின். ஆங்கிலத்தில் சாவு வீட்டுக்குப் போய் இந்தச் சொல்லை உச்சரித்தால் அடிக்க வருவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொருள் குறுகத் தொடங்கியது. அலெக்சாண்டர் போப் எழுதிய ‘கூந்தல் கவர்ந்த கதை’யில், சீமாட்டியின் ஒரு சுருள் முடியை ஒருவன் கத்தரித்துவிடுகிறான். உயிர் போகவில்லை, முடிதான் போயிற்று. ஆனால் ஊரே பார்த்துவிட்டது. அவளை ஷாக்ரின் பிடிக்கட்டும் என்று அதில் ஒரு பூதம் வரம் கேட்கும். ஒன்றை எதிர்பார்த்து நிமிர்ந்து நின்று, அது பொய்த்து, பொய்த்ததைப் பிறர் பார்த்து, போதாக்குறைக்கு அதில் தன் தப்பும் கொஞ்சம் இருக்கும்போது வரும் எரிச்சல். ஆங்கிலத்தில் அந்த எரிச்சலுக்கு இந்தச் சொல் நிலைத்தது.

இதற்குச் சரியான உதாரணம் லண்டனில் தேட வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து சேலத்தைத் தாண்டினால் கஞ்சமலை. அந்த மலையின் காந்தக்கல் இரும்பைக் கண்டு கனவு கண்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அதிகாரி. 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். சேலத்துத் தாது, காட்டு மரக்கரி, ஆங்கில முறை. இரும்பு தரமாக வந்தது, லாபம் வரவில்லை. ஷெஃபீல்டுக்குப் போனார். அங்கே அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது: எஃகு உருக்கும்போது மாங்கனீசும் கரியும் கலந்து காய்ச்சிய ஒரு பொருளைக் கொஞ்சம் சேர்த்தால், மட்டமான இரும்பும் நல்ல எஃகாகிவிடுகிறது. 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முழுக்க அவருக்குக் கப்பம் கட்ட வேண்டிய நிலை. கூடவே இன்னொன்றும் கண்டுபிடித்தார், அதுதான் வினையாயிற்று.

கலவையைத் தனியாகக் காய்ச்சவே வேண்டாம். மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் நேராக மூசையில் போட்டாலே உள்ளே தானாகக் கூடிக்கொள்ளும், செலவும் குறைவு. இந்த நல்ல சேதியைத் தன் ஏஜென்ட் அன்வினிடம் ஹீத்தே சொன்னார். அன்வின் காப்புரிமைப் பத்திரத்தை எடுத்துப் படித்தார். அதில் எழுதியிருந்தது காய்ச்சிய கலவையைப் பற்றி. தனித்தனியாகப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் ஹீத், ஓட்டையைக் காட்டிக்கொடுத்தவரும் ஹீத். அன்வின் தனிக்கடை போட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கையிலிருந்த காசெல்லாம் கரைந்து 1851-இல் ஹீத் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை கடைசித் தீர்ப்புச் சொன்னது, அன்வின் பக்கம்.

சேலத்து உதாரணம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஹீத்துக்கு நேர்ந்ததைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஏமாற்றம் என்றால் வெட்கம் விட்டுப்போகிறது. வெட்கம் என்றால் ஏமாற்றம் விட்டுப்போகிறது. அவமானம் கனம் அதிகம். மனத்தாங்கல் பழியை எதிராளி தலையில் கட்டுகிறது, ஷாக்ரினில் பாதிப் பழி நம் தலையில். அசடு வழிவது அதன் முகத் தோற்றம் மட்டும். மூக்குடைபடுவது ஏறக்குறைய அருகில் வருகிறது, ஆனால் அதில் சம்பவம்தான் இருக்கிறது, பிறகு ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு அரிப்பது இல்லை. ஆங்கிலேயரும் இதைத் தனியாக நடமாட விடுவதில்லை. ‘அவருக்கு ஷாக்ரின் உண்டாகும்படி, பத்திரத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது’ என்பதுபோல வாக்கியத்தின் வாசலில் நிறுத்தி வைப்பார்கள். வினையாக்கினாலும் பெரும்பாலும் செயப்பாட்டில்தான் வரும்: அடைந்தார் என்றில்லை, ஆட்பட்டார். சும்மா எரிச்சல் வந்ததற்கெல்லாம் இப்போது இதைப் போடுகிறார்கள். அது வீண் செலவு.

ஹீத் உலை மூட்டிக்கொண்டிருந்த நாட்களில் பாரிசில் பழைய இரட்டைப் பெயரின் மேல் ஒரு நாவலாசிரியரின் கண் விழுந்திருந்தது. 1831-இல் பால்சாக் ‘ஷாக்ரின் தோல்’ என்று ஒரு நாவல் எழுதினார். கடன்பட்டுச் சாகப் போகும் இளைஞனுக்கு ஒரு காட்டுக்கழுதைத் தோல் கிடைக்கிறது. கேட்டதெல்லாம் கொடுக்கும், கொடுக்கக் கொடுக்கச் சுருங்கும், தோல் தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது. தலைப்பைத் தோல் என்றும் படிக்கலாம், துயரம் என்றும் படிக்கலாம். புற்றோடு போராடிக்கொண்டிருந்த சிக்மண்ட் பிராய்டு 1939-இல் இறப்பதற்குமுன் கடைசியாகப் படித்த புத்தகம் இதுதான். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிற எதையும் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘ஷாக்ரின் தோல்’ என்கிறார்கள். சிலேடை இவ்வளவு அழகாக விழுந்தபிறகு, இரண்டும் ஒரே சொல்தானோ என்ற சந்தேகம் வந்தே தீரும்.

வந்தது. லத்தீனின் வாரிசு மொழிகளுக்கு 1853-இல் வேர்ச்சொல் அகராதி எழுதிய ஜெர்மானியர் பிரீட்ரிக் டீஸ், இரண்டும் ஒன்றே என்றார். சொரசொரத்த தோலை அரமாகப் பயன்படுத்தினார்கள். அரம் இரும்பை அராவுவதுபோல் மனத்தை அராவும் வேதனைக்கும் அதே பெயர் வந்தது. இத்தாலியரும் அரத்துக்கான சொல்லை மனவேதனைக்குச் சொல்வதுண்டு. தமிழனுக்கு இதில் புதுமையில்லை. உட்பகை வந்த குடி அரம் அராவிய பொன்போல் தேயும் என்று திருவள்ளுவர் எழுதி வைத்துவிட்டார். டீஸின் இந்தக் கருத்து அகராதிகளின் ஏதோ ஒரு மூலையில் தூங்கியிருக்கும். அதைத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு புத்தகம் தட்டி எழுப்பியது.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர் ஆர்தர் கோக் பர்னெல். சரஸ்வதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புழங்கிய கலப்புச் சொற்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். இத்தாலியின் பலெர்மோ நகரில் ஓய்வில் இருந்த ஹென்றி யூல் என்ற ராணுவப் பொறியாளரும் அதே பைத்தியத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1872 வாக்கில் கடிதப் போக்குவரத்தில் இது இருவருக்கும் தெரியவந்தது. போட்டி போடாமல் கூட்டு சேர்ந்தார்கள். கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் கறியும் ஆங்கிலத்துக்குள் நுழைந்த கதையெல்லாம் பட்டியலில் ஏறியது. 1882-இல், நாற்பத்திரண்டே வயதில், பர்னெல் இறந்துபோனார். மூட்டை மூட்டையாகக் குறிப்புகளோடு யூல் தனியாக நின்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1886-இல், ‘ஹாப்சன்-ஜாப்சன்’ வெளிவந்தது. மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழுந்த குரலை வெள்ளைச் சிப்பாய்கள் திரித்துக் கூவியதுதான் அந்தத் தலைப்பு. அதில் ஷக்ரீனுக்கும் ஒரு பதிவு உண்டு. குதிரையின் பின்புறம், மணித்தோல், அரம், அராவும் வேதனை, டீஸின் பெயர் எல்லாம் ஒரே பத்தியில்.

கல்லூரி நாட்களில் அந்தப் பத்தியைப் படித்தபோது நான் நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் குறுக்கே வந்து நின்ற ஏழெழுத்துச் சொல் அதுதான். நான் அதை ‘சாக்ரின்’ என்று வாசித்திருந்தேன், குச்சி ஐஸில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடுவார்களே, அதுபோல. சிரிப்பு அடங்கியதும் சார் பலகையில் பொருள் எழுதிப் போட்டு, என் பக்கம் திரும்பி, “இப்ப உனக்கு என்ன ஆச்சோ, அதான் அர்த்தம்” என்றார். விரல் எரிய உப்புத்தாள் தேய்த்தவனுக்கு உப்புத்தாளின் முப்பாட்டன் பெயரே வந்து மாட்டியிருக்கிறது! அன்றிலிருந்து கல்யாணப் பந்தி, ரயில் பயணம், ஓய்வுபெற்ற வாத்தியார் கூட்டம் என்று ஒரு இடத்தையும் விடாமல் இந்தக் குதிரைத்தோல் கதையைச் சொல்லி வந்தேன். முப்பது வருஷம் ஒருவரும் மறுத்ததில்லை.

போன பொங்கலுக்கு அடிவாரத்து வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அக்கா மகள் பிரெஞ்சு படிக்கிறவள். கதையை நான் கீரை விதையிலிருந்து ஆரம்பித்து அரம்வரை கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு வரலாற்று அகராதி. மனவாட்டம் என்ற பொருளில் அந்தச் சொல் 15-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சில் இருக்கிறது. துருக்கித் தோலின் பெயர் அங்கே எட்டிப் பார்ப்பது ஏறத்தாழ 1600 வாக்கில்தான். தோல் வருவதற்கு முன்பே துயரம் வந்துவிட்டது. அப்படியானால் துயரத்துக்கு வேர் எது? பழைய பிரெஞ்சில் முனகுவதைக் குறிக்கும் ஒரு வினைச்சொல். அதன் முன்னால் ஒட்டியிருப்பது, பலரும் நினைக்கிறபடி, பூனை. பூனைபோல் முனகுவது. உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும் அரத்தைவிட அதற்கே வாய்ப்பு அதிகம் என்பது அங்கே உள்ள அறிஞர்களின் எண்ணம். இரண்டு சொற்களும் வெவ்வேறு ஊரில் பிறந்து, ஒரே சத்திரத்தில் தங்கி, ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டவை. பாவம் டீஸ், பாவம் யூல்.

பாவம் நான் என்று சொல்ல யாருமில்லை. மச்சான் கரும்பைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தம்பி பெரிதாக இருமினான். முப்பது வருஷப் பந்திகளும் ரயில்களும் வரிசையாகக் கண்முன் ஓடின. அக்கா மகள் கைபேசியை மடியில் வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“செம பல்பு, மாமா” என்றாள்.